வெனிஸில் மூன்று நாள்

நவம்பர் 19, 2025, புதன்

சாண்டா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலை இல்லை. அகலமான படிக்கட்டு, அதற்குக் கீழே கிராண்ட் கால்வாய். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பெட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இங்கே பஸ் என்றால் வபொரெத்தோ படகுதான். 75 நிமிடத்துக்கான டிக்கெட் ஒன்பதரை யூரோ. விலை கூடுதல்தான், ஆனால் 1591இல் கட்டி முடித்த ரியால்ட்டோ பாலத்தின் ஒற்றை வளைவுக்குள் நுழைந்து போகும்போது கொடுத்த காசு நினைவுக்கு வரவில்லை.

விடுதியைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை; ஒரு வட்டாரம் முழுக்க ஆயிரக்கணக்கில் தொடர்ந்து ஓடுகின்றன. பாலம் பாலமாகப் பெட்டியைத் தூக்கி ஏறி இறங்கியதில் தோள்பட்டை போய்விட்டது.

நவம்பர் 20, வியாழன்

இன்று முழுக்கக் கிணறு பார்த்தேன். காம்போ என்கிற சதுக்கங்களில் பலவற்றின் நடுவிலும் செதுக்கிய கல்லில் ஒரு கிணற்று வாய், மேலே இரும்பு மூடி. ஒன்றின் விளிம்பில் கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

உள்ளே ஊற்று கிடையாது. சுற்றிலும் உப்புநீர் இருக்கும்போது எங்கே தோண்டுவது? அதனால் சதுக்கத்தையே தோண்டி, களிமண் பூசி, மணல் நிரப்பியிருக்கிறார்கள். தரையிலுள்ள துளைக்கற்கள் வழியே மழைநீர் இறங்கி, மணலில் வடிகட்டப்பட்டு, நடுவில் செங்கல் கிணற்றில் சேரும். 1884இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே மழையை நம்பித்தான் இருந்தது. அரண்மனைகளைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

சாயங்காலம் சான் த்ரோவாஸோ படகுப் பட்டறையை எதிர்க்கரையிலிருந்து பார்த்தேன். கோண்டோலாவின் இடப்பக்கம் 24 செ.மீ. அகலம் கூடுதலாம். வலப்பக்கம் மட்டுமே துடுப்புப் போட்டாலும் படகு நேராகப் போவது அதனால்தான்.

நவம்பர் 21, வெள்ளி

சலூத்தே விழா. 1630இல் வந்த கொள்ளைநோய் ஊரில் மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு, மறுவருடமே வேலையைத் தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்களைச் சேற்றில் அடித்து, அதன்மேல் எழுப்பிய கோயில். காற்றுப் படாததால் மரம் இன்னும் தாங்குகிறது.

விழாவுக்காகவே கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டிருந்தார்கள். கூட்டத்தோடு நகர்ந்தேன். முன்னால் ஒரு பாட்டி, பேரனைத் தூக்கி அவன் கையாலேயே மெழுகுவத்தியைக் கொடுக்கச் செய்தார்.

சலூத்தே என்றால் உடல்நலம். அடுத்த மாதம் அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. நானும் ஒன்று வாங்கி, அவர் பெயரைச் சொல்லி நீட்டினேன்.