கரும்பாலை லேபிலிருந்து பத்தாம் வகுப்புக்கு

நல்ல லேப் வேலையை விட்டுவிட்டு ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போனாய் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டர்பனுக்கு வடக்கே ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்தேன். ஏப்ரல் வாக்கில் அரவை தொடங்கினால் டிசம்பர் வரை ஓயாது. வருகிற கரும்பில் மாதிரி எடுத்து, சாற்றில் பிரிக்ஸ், அதாவது கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு, பார்த்து, போலாரிமீட்டரில் ஒளி எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதை வைத்து சர்க்கரையைக் கணக்கிடுவோம். தென்னாப்பிரிக்காவில் விவசாயிக்கு வெறும் எடைக்குக் காசு கிடையாது. சுக்ரோஸ் எவ்வளவு, அதில் நாராலும் சர்க்கரை அல்லாத மற்றப் பொருள்களாலும் ஆலைக்கு ஏற்படும் இழப்பு எவ்வளவு என்று கழித்து வருகிற ஆர்.வி. (மீட்டெடுக்கக்கூடிய மதிப்பு) கணக்குக்குத்தான் காசு. ஆகவே நான் எழுதும் எண் ஒரு குடும்பத்தின் வருமானம். எந்திரம் காட்டியதைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு.

இப்படியிருக்க, மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், நல்ல மார்க் வாங்கிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள், ஒரே சாற்றை இரண்டு தடவை சோதித்தால் இரண்டு எண்ணும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாகவே எழுதிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒவ்வொரு தடவையும் வராது. இரண்டாவதைச் செய்யவே இல்லை, அல்லது செய்து பார்த்து, வேறாக வந்ததும் பயந்து மாற்றிவிட்டார்கள். இந்தப் பயம் பள்ளியில்தான் பிடிக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது, அங்கேயே போய் நிற்க வேண்டும் என்றும்.

அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து வந்த நாள் முதல் நம்மவர்கள், டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் கரும்புக்காட்டில் குனிந்து கிடந்தவர்கள். “அந்த ஆலையிலேயே வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கியே, அதைப் போய் விடுவாங்களாம்மா?” என்றார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. சம்பளமும் குறைந்தது, உண்மை.

வழி சிக்கலானதில்லை. டிகிரியில் கெமிஸ்ட்ரி படித்திருந்தால் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் போதும், முழுநேரமாகப் படித்தால் ஒரு வருஷம். நான் வேலையை விடாமல் யுனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) வழியாகத் தொலைவழியில் படித்தேன், ஆலை நிற்கும் மாதங்களில் பள்ளி திறந்திருப்பதால் வகுப்புப் பயிற்சியை அப்போது முடித்தேன். அப்புறம் ஆசிரியர் கவுன்சிலில் பதிவு, அதற்குப் போலீஸ் சான்றிதழ்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் தண்ணீரைச் சூடாக்கி நிமிடத்துக்கு நிமிடம் வெப்பநிலை குறித்து வளைகோடு வரையும் சோதனை உண்டு. நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், குழுக் குழுவாகச் செய்தார்கள், எல்லா அட்டவணையிலும் கொதிநிலை 100. ஆனால் நான் சுற்றி வந்தபோது பார்த்த தெர்மாமீட்டர்களில் 97-உம் 98-உம் இருந்தது! ஒரு பையனிடம் கேட்டேன். “மேம், 97 என்று எழுதினால் மார்க் போகுமே” என்றான். போகாது, நீ பார்த்ததை எழுதி ஏன் குறைந்தது என்று சொன்னால்தான் மார்க் என்றேன். அதன் பிறகு அந்த அறை மாறிவிட்டது. தண்டின் பாதி வெளியே நிற்பதாலா, தெர்மாமீட்டரே சரியில்லையா, பக்கத்துக் குழுவுடையதை வாங்கி ஒரே பீக்கரில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரே சத்தம், பாதிப் பேர் ஜூலுவில். வீட்டுப் பேச்சில் முதலில் வாதாடட்டும், பிறகு இங்கிலீஷில் எழுதட்டும் என்று விட்டுவிடுகிறேன், அப்போதுதான் காரணம் தெளிவாக வருகிறது. இன்னொன்றும் சொன்னேன்: நாம் கடலோரத்தில் இருக்கிறோம், ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதிக்கும், அங்கே ஒரு பிள்ளை 100 என்று எழுதினால் அது தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

லேபில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பாடநூல் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கிறது. ஒரே மாதிரியை மூன்று முறை சோதித்து மூன்றும் ஒத்துவராமல் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து காரணம் தேடிய அனுபவம் உங்களிடம்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

அடுத்து பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆக்சாலிக் அமிலத்தை வைத்து டைட்ரேஷன், அதாவது செறிவு தெரிந்த கரைசலை வைத்துத் தெரியாததின் செறிவைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு கலக்கி, புட்டியில் எண் மட்டும் ஒட்டிக் கொடுக்கப்போகிறேன். பக்கத்து மேசையைப் பார்த்து எழுத முடியாது, ப்யூரெட்டை, அந்த அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயைத்தான் பார்க்க வேண்டும்.