ரவுண்டிங் வித்தியாசத்தில் மூன்று கோப்பைகள்

ஹங்கேரியில் கணக்கு வேலை பார்க்கிற எல்லோருக்கும் 'டாவோ' தெரியும். நிறுவன வரிக்கு அங்கே வழங்கும் சுருக்கப் பெயர் அது. 2011-இல் அரசு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. கம்பெனிகள் கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதியைக் கஜானாவுக்குப் பதிலாக விளையாட்டுக் கிளப்புகளுக்குத் திருப்பிவிடலாம். கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து, வாட்டர் போலோ, ஐஸ் ஹாக்கி, இந்த ஐந்துக்கும்தான் முதலில் அந்தச் சலுகை. பணத்தை இளையோர் பயிற்சிக்கும் அரங்கம் கட்டுவதற்கும் செலவழிக்கலாம். அதை ஆதரிப்பவர்களும் உண்டு, திட்டுபவர்களும் உண்டு. மருத்துவமனைகளில் ஆளில்லாதபோது இது எதற்கு என்று எங்கள் அலுவலகச் சமையலறையிலேயே வாக்குவாதம் நடக்கும்.

புடாபெஸ்டில், பல கம்பெனிகளின் கணக்கு வேலையை ஒரே இடத்தில் செய்துகொடுக்கும் ஒரு ஷேர்டு சர்வீஸ் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஜியோர் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த ஓர் உதிரிபாகக் கம்பெனியின் புத்தகங்கள் என் பொறுப்புக்கு வந்தன. வருட முடிவுக் கணக்கில் பெண்கள் ஹேண்ட்பால் என்று ஒரு தலைப்பு இருந்தது. முதலாளியின் மகள் யாராவது ஆடுகிறாளா என்று கேட்டேன். பக்கத்து மேசையிலிருந்த மூத்த கணக்காளர் அம்மா சிரித்துவிட்டு, "ஜியோரில் அது கோயில் வரி மாதிரி" என்றார்.

ஜியோர், புடாபெஸ்டுக்கும் வியன்னாவுக்கும் நடுவே இருக்கும் தொழில் நகரம். ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஜனத்தொகை. பழைய காலத்தில் ராபா வண்டித் தொழிற்சாலை அதன் அடையாளம். 1993-இல் ஜெர்மன் கார் கம்பெனியான ஆடி (Audi) வந்தது. இன்று உலகின் மிகப்பெரிய கார் இன்ஜின் ஆலைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. இந்த ஊரின் பெண்கள் அணிதான் ஈ.டி.ஓ. 1948-இல் தொடங்கியது. 1957-இலும் 1959-இலும் தேசிய சாம்பியன். அதற்கப்புறம் அடுத்த பட்டத்துக்கு 2005 வரை, அதாவது 46 வருடம், காத்திருந்தார்கள். நடுவிலிருந்த காலமெல்லாம் புடாபெஸ்டின் வாஷஷ் அணியும் மற்றவர்களும் ஆண்டார்கள். வாஷஷ் 1982-இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது.

எங்கள் வரிப் பிரிவில் ஒரு பையன் இருந்தான், ஃபெரென்ஸ்வாரோஷ் ரசிகன். ஜியோரின் தலைநகரத்து எதிரி அந்த அணி. இரண்டுக்கும் ஒரே பச்சை வெள்ளை நிறம் என்பது வேடிக்கை. அவனுடைய வாதம் எப்போதும் ஒன்றுதான்: "ஜியோர் கோப்பையை வெல்லவில்லை, வாங்கியது." அணியின் பெயருக்கு நடுவிலேயே ஆடி உட்கார்ந்திருக்கிறது, நார்வேயிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவருகிறார்கள், அப்புறம் என்ன பெருமை என்பான். மாத முடிவு வேலை ஓய்ந்த ஒரு மாலையில் நான் எக்செல் திறந்து வருடங்களை வரிசையாக அடித்துப் பார்த்தேன். பணம் எப்போது வந்தது, கோப்பை எப்போது வந்தது என்று பார்ப்பது எங்கள் தொழிலில் இயல்பாக வரும் பழக்கம்.

இரண்டும் பொருந்தவில்லை. 2009-இல் ஐரோப்பியக் கிளப்புகளின் முதல்தரப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப்போட்டி, டென்மார்க்கின் விபோர்குக்கு எதிராக. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் ஒரே ஒரு கோல் குறைவு. 2012-இல் மான்டினீக்ரோவின் புதுச்னோஸ்டுடன் மொத்தம் 54–54. எதிராளி மண்ணில் அடித்த கோல்கள் குறைவு என்பதால் கோப்பை போயிற்று. ஸ்பான்சர், நல்ல கோல்கீப்பர், வெளிநாட்டு நட்சத்திரங்கள், எல்லாம் அப்போதே இருந்தன.

கோப்பை 2013-இல் நார்வேயின் லார்விக்கை வென்றபோதுதான் வந்தது. அந்தப் பருவத்தை எழுதுவதே கஷ்டம். தலைமைப் பயிற்சியாளர் நார்வேக்காரர் கார்ல் எரிக் பேன் ரத்தப் புற்றுநோயில் விழுந்தார். உதவியாளராக வந்திருந்த ஸ்பெயின்காரர் அம்ப்ரோஸ் மார்ட்டின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 2014-இல் கோப்பை மறுபடியும் வந்தது. அதே வருடம் பேன் இறந்துபோனார். மார்ட்டின் 2018 வரை இருந்தார். 2016 இறுதியில் புகாரெஸ்ட் அணியிடம் ஏழு மீட்டர் எறிதல்களில், அதாவது ஹேண்ட்பாலின் பெனால்டி ஷூட்-அவுட்டில், தோற்றார்கள், யாரும் அவரை அனுப்பவில்லை. காலாண்டுக்குக் காலாண்டு மேலாளரை மாற்றும் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் பட்டது.

அப்புறம் 2017, 2018, 2019 மூன்றும் தொடர்ச்சியாக. முதல் இரண்டில் வட மாசிடோனியாவின் வர்தாரை, கூடுதல் நேரத்துக்குப் பிறகு, 31–30, 27–26. மூன்றாவதில் ரஷ்யாவின் ரோஸ்தோவ்-டானை 25–24. மூன்று கோப்பைக்கும் சேர்த்து மூன்று கோல். எங்கள் புத்தகத்தில் இந்த அளவு இடித்தால், தசமத்தை முழு எண்ணாக்கும்போது வரும் ரவுண்டிங் வித்தியாசம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். மூன்றாவது இறுதியை புடாபெஸ்ட் அரங்கில் நேரில் பார்த்தேன். ஹேண்ட்பால் ஒரு நிமிடத்துக்கு ஒரு கோல் விழக்கூடிய ஆட்டம், அதில் கடைசிவரை ஒரு கோல் இடைவெளியில் தொங்குவது நெஞ்சுக்கு நல்லதல்ல.

வரிப் பிரிவுப் பையனிடம் நான் காட்டியது பணத்தை அல்ல, ஆட்களை. கோர்பிட்ஸ் அனிதா 1983-இல் வெஸ்பிரேமில் பிறந்தவர். பள்ளி வயதில் ஜியோருக்கு வந்து 2021-இல் ஓய்வு பெறும்வரை வேறெந்தக் கிளப்புக்கும் போகவில்லை. 2005-இல் உலகின் சிறந்த வீராங்கனை. அந்தப் பெயரோடு எங்கே போயிருந்தாலும் ஏற்றிருப்பார்கள். 2009-இன் ஒரு கோலும் 2012-இன் 54–54-உம் அவர் கண்முன்னே நடந்தவை. பிரேசிலின் எட்வர்டா அமோரிம் 2009-இல் வந்து பன்னிரண்டு வருடம் இருந்தார். பணம் கொடுத்துக் கூட்டிவரலாம். ஆனால் இத்தனை வருடம் இருக்கவைத்தது என்ன? பையன், "அதுவும் சம்பளம்தான்" என்றான். முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன்.

மூத்த கணக்காளர் அம்மா இந்தச் சண்டையில் தலையிடுவதே இல்லை. அவர் ஊர் துனாவூய்வாரோஷ். ஸ்டாலின் காலத்தில் எஃகு ஆலைக்காகவே எழுப்பிய நகரம், 1961 வரை பெயரும் ஸ்டாலின் நகரம்தான். அந்த ஆலையின் அணியான துனாஃபெர் 1999-இல் ஐரோப்பாவின் சாம்பியன். 1998-க்கும் 2004-க்கும் இடையில் ஐந்து தேசியப் பட்டங்கள். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. ஆலை தனியார் கைக்குப் போனது அதே வருடங்களில்தான். "ஆலையை மட்டும் காரணம் சொல்லாதே" என்றார் ஒருநாள். குல்சார் அனிதா 2004-இன் உலகச் சிறந்த வீராங்கனை. 2005 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தபோது துனாஃபெரில் ஆடிக்கொண்டிருந்தார். 2016-இல் அந்த ஊர் அணி ஐரோப்பாவின் இரண்டாம்தரப் போட்டியான ஈ.எச்.எஃப். கோப்பையை வென்றபோது அம்மா அலுவலகத்துக்கு கேக் கொண்டுவந்தார். 2022 கடைசியில் எஃகு ஆலை திவாலாகிக் கலைப்புக்குப் போனது. ஜியோரின் ஆடி ஆலையிலும் 2018-லிருந்து மின் மோட்டார்கள் தயாரிக்கிறார்கள், பெட்ரோல் இன்ஜினுக்கு எத்தனை காலம் என்று அங்கே யாரிடம் கேட்டாலும் பேச்சு நீளும். ஜியோர்க்காரர்கள் கொண்டாடும்போதெல்லாம் அம்மா முகத்தில் பொறாமை தெரியாது. "எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது" என்பார், அவ்வளவுதான்.

2020-இல் தொற்றால் போட்டி நடக்கவில்லை. 2021-இல் ஜியோர் சாம்பியன்ஸ் லீக்கில் 55 ஆட்டமாகத் தோற்காமல் வந்து, அரையிறுதியில் பிரான்ஸின் பிரெஸ்டிடம் ஏழு மீட்டர் எறிதல்களில் விழுந்தது. அதுதான் கோர்பிட்ஸின் கடைசிப் பருவம். 2022 இறுதியில் நார்வேயின் வைப்பர்ஸ் 33–31 என்று ஜியோரை வென்றது. வைப்பர்ஸின் கோல்கீப்பர் காத்ரினே லுண்டே, ஜியோரின் முதல் இரண்டு கோப்பைகளையும் காத்தவர். வரிப் பிரிவுப் பையன் வாரம் முழுக்க அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் வேறு வேலைக்கு மாறிய பிறகு, 2024-இல் ஜியோர் ஜெர்மனியின் பீட்டிக்ஹைமை 30–24 என்று வென்றது. அதே வருடம் உள்நாட்டுப் பட்டத்தை ஃபெரென்ஸ்வாரோஷ் பறித்துக்கொண்டதால் பையனுக்கும் சந்தோஷம். ஹங்கேரியில் 2023 தொடக்கத்தில் விலைவாசி ஒரே வருடத்தில் நாலில் ஒரு பங்கு ஏறியிருந்தது. இறுதிப்போட்டி முடிந்ததும் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "மூன்று கோப்பைக்கு மூன்று கோல் போதும் அப்போது. இப்போது ஒன்றுக்கே ஆறு. பணவீக்கம்!"