முதலில் வயிறு, அப்புறம் மூளை

முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக உளவியல் எடுக்கிறேன். பாடத்திட்டப்படி முதல் அலகு மூளை. பலகையில் குறுக்குவெட்டுப் படம் வரைந்து பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று அம்புக்குறி போட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசைத் தலைகள் சாயத் தொடங்கிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆசை, கோபம், பயம் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவர்களுக்கு அம்புக்குறியைக் காட்டினால் வேறென்ன செய்வார்கள்? அதனால் சில வருடங்களாக நான் வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். மூளை, ஊக்கம், உணர்ச்சி, மன அழுத்தம் என்று புத்தகம் நான்கு அலகுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை வயிற்றுக்குத் தெரியாது. நான்கிலும் அதற்கு வேலை இருக்கிறது.

பசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் வயிற்றைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனனும் அப்படித்தான் நினைத்தார். அவருடன் ஆய்வு செய்த வாஷ்பர்ன் ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, அதைக் குழாய் வழியே ஊதி, வயிறு சுருங்குவது தானாகப் பதிவாகும்படி செய்துகொண்டார். பசி கிள்ளும்போது ஒரு விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 1912இல் வெளியான முடிவின்படி இரண்டும் சேர்ந்தே வந்தன. சரி, பசி வயிற்றில்தான் இருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அறுவை சிகிச்சையில் வயிறு முழுவதையும் எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கிறது!

அப்போதுதான் வகுப்பே மூளையைக் கேட்கும். 1951இல் இந்திய உடலியல் அறிஞர் பால் கிருஷ்ண ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் ப்ரோபெக்குடன் சேர்ந்து, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தால் எலிகள் சாப்பிடுவதையே நிறுத்திவிடுகின்றன என்று காட்டினார். எதிரே உணவு இருக்கும், எலி திரும்பியும் பார்க்காது. உடனே அதற்குப் ‘பசி மையம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடைத்தாள்களில் இன்றும் அப்படியே வருகிறது. எனக்கு இந்த ‘மையம்’ என்ற பேச்சே பிடிக்காது. அந்த இடத்தைச் சிதைத்தபோது அதன் வழியாக ஓடிய, டோபமைன் என்ற ரசாயனத்தால் செய்தி கடத்தும் நரம்பிழைகளும் சேர்ந்து அறுபட்டன என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

டோபமைனை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று எழுதுபவர்களுக்கு நான் ஒரு மதிப்பெண் குறைப்பது வழக்கம். மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் செய்த சோதனைகளில், மூளையின் டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக எதையும் சாப்பிடவில்லை. ஊட்டாமல் விட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆனால் இனிப்புக் கரைசலை வாயில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே நாக்கை நீட்டி நக்கி ரசித்தன. அதாவது, பிடிப்பது வேறு, வேண்டும் என்று எழுந்து போக வைப்பது வேறு. டோபமைனின் கை ஓங்கியிருப்பது இரண்டாவதில். எந்த ரசனையும் இல்லாமல் நள்ளிரவில் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பற்றி இந்த இடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. மாணவர்களே சிரித்துவிடுவார்கள். என் மகள் இந்த எலியின் கதையைக் கேட்டதிலிருந்து என்னைத்தான் கண்காணிக்கிறாள்.

பசியில் நினைவுக்கும் பங்கு உண்டு. கடுமையான மறதி நோய் இருந்த இருவருக்கு, சாப்பிட்டு முடித்துச் சில நிமிடங்களில் இன்னொரு முழுச் சாப்பாட்டை உளவியலாளர் பால் ரோசினும் சகாக்களும் வைத்துப் பார்த்தார்கள். இருவரும் அதையும் சாப்பிட்டார்கள். 1998இல் வெளியான ஆய்வு இது. வயிறு நிறைந்திருந்தது, சாப்பிட்டது மட்டும் நினைவில் இல்லை.

அடுத்து உணர்ச்சி. 1822இல் வட அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளி மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளை வழியே உணவைப் பட்டு நூலில் கட்டி இறக்கி, எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டார். செயின்ட் மார்ட்டின் கோபப்பட்டால் செரிமானம் குழம்புவதும் அவர் குறிப்பில் உண்டு. அந்த மனிதருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எக்ஸ் கதிர் கண்டுபிடித்த சூட்டோடு, மாணவராக இருந்த கேனன் பூனைகளுக்கு எக்ஸ் கதிரில் தெரியும்படி உணவில் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைக் கலந்து கொடுத்து வயிற்றின் அசைவைத் திரையில் பார்த்தார். பூனை மிரண்டால் அசைவு சட்டென்று நின்றுவிடும். அமைதியானதும் மறுபடி தொடங்கும். ஆபத்து வந்தால் உடல் செரிமானத்தை ஒத்திவைத்து, சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தசைகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது என்று அவர் பிறகு எழுதியதற்கு விதை அங்கேதான் விழுந்தது. தேர்வறை வாசலில் வயிற்றைப் புரட்டுவதற்கு மாணவர்கள் இனி வேறு காரணம் தேட வேண்டாம்.

அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் 1884இல் தலைகீழாக ஒன்று சொல்லியிருந்தார். பயந்ததால் உடல் நடுங்குவதில்லை, உடலின் நடுக்கத்தை உணர்வதுதான் பயம் என்றார். கேனன் 1927இல் இதை மறுத்தார். கோபத்திலும் பயத்திலும் உள்ளுறுப்புகள் ஒரே மாதிரிதானே நடந்துகொள்கின்றன, பிறகு எதை வைத்து இரண்டையும் பிரித்தறிவது என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூயார்க்கில் உல்ஃப், வுல்ஃப் என்ற இரு மருத்துவர்கள், வயிற்றில் இதேபோல் திறப்பு இருந்த டாம் என்பவரைக் கவனித்து 1943இல் எழுதினார்கள். கோபத்தில் அவர் வயிற்றின் உட்சுவர் சிவந்து அமிலம் கூடியது. பயத்திலும் சோகத்திலும் வெளிறியது. ஆக, வயிறாவது இரண்டையும் பிரித்தறிந்திருக்கிறது. ஒரே ஆளை வைத்துக் கோட்பாட்டைக் கவிழ்க்க முடியாதுதான். இருந்தாலும் இந்தச் சண்டையில் எனக்கு ஜேம்ஸ் பக்கம்தான் சாய்வு.

மன அழுத்தத்துக்கு வரும்போதுதான் வயிறு சிக்கலாகிறது. மன அழுத்த ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே 1936இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சின்னக் கடிதத்தில், குளிர், காயம், நச்சு என்று எலிகளை எதற்கு ஆளாக்கினாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையிலும் குடலிலும் புண் வருகிறது என்றார். பிறகு உளவியலாளர் ஜே வைஸ் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன் ஒலி கேட்கும். ஒலி கேட்ட எலிக்குப் புண் குறைவு. சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிக்கும் அப்படியே. வலி ஒன்றுதான். எப்போது வரும் என்று தெரிவதும், கையில் கொஞ்சம் பிடி இருப்பதும் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. அறிமுக உளவியலில் ஒரே ஒரு சோதனையைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தேர்வு தேதியை முன்கூட்டியே அறிவிக்காத ஆசிரியர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

இந்த ஆய்வுகளையெல்லாம் பார்த்த உலகம், அல்சர் என்றாலே டென்ஷன் என்று முடிவு கட்டியது. என் அம்மா அந்த முடிவுக்கு வருடக்கணக்கில் விலை கொடுத்தாள். நெஞ்செரிச்சலோடு போகும்போதெல்லாம் “கவலைப்படாம இருங்கம்மா” என்பார் அவளைப் பார்த்த மருத்துவர். கவலைப்படுகிறோமே என்று வேறு அவள் கவலைப்படுவாள். அதற்குள் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்திருந்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அம்மாவுக்கு இன்னொரு மருத்துவர் பரிசோதனை செய்து, கிருமி இருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். சரியாகிவிட்டது. கவலைப்படுவதை இன்னும் விடவில்லை.

அப்படியானால் மன அழுத்தத்துக்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லையா? அதையும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. இந்தக் கிருமி உள்ள பெரும்பாலானவர்களுக்குப் புண் வருவதே இல்லை. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் கூடியதாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிருமிகள் நிலநடுக்கத்துக்கு முன்பும் அங்கேதான் இருந்திருக்கும்.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, “மேம், அல்சருக்குக் காரணம் கிருமின்னு எழுதணுமா, ஸ்ட்ரெஸ்ஸுன்னு எழுதணுமா?” என்று கேட்டாள். இரண்டையும் எழுது, ஒன்று மற்றொன்றுக்கு எப்படி இடம் கொடுக்கிறது என்பதையும் எழுது என்றேன். “அது ரெண்டு மார்க் கேள்வி மேம்” என்றாள்.