புள்ளி போதவில்லை

தாத்தாவின் நூற்றாண்டையொட்டி 12 பக்கங்களில் ஒரு நினைவு மலர் தயாரித்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியப்பா ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று பிடிஎஃப் கோப்பாக அனுப்பினேன். பெரியப்பா முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான்.

பத்து நிமிடத்தில் அழைத்தார். "ஏதோ சிவப்புச் சதுரம் வந்திருக்கிறது தம்பி. தொட்டால், எதில் திறக்கட்டும் என்று என்னையே கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பேசாமல் படமாக அனுப்பிவிடு."

எந்தக் கணினியில் திறந்தாலும் தாள் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் 1993இல் பிடிஎஃப் வந்தது. வடிவமைத்தவர்கள் பெரியப்பாவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. "இரண்டு நிமிட வேலை பெரியப்பா" என்றேன். இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேனோ, அத்தனை முறையும் அன்றைய இரவுச் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது.

பக்கங்களைப் படமாக்கும் மென்பொருளில் கோப்பைப் போட்டு, கண்ணில் பட்ட பொத்தானை அழுத்தினேன். 12 ஜேபெக் படங்கள் வந்து விழுந்தன. அனுப்பினேன். மறுபடியும் அழைப்பு.

"என்ன தம்பி, ஓலைச்சுவடியா அனுப்பியிருக்கிறாய்?"

புரியவில்லை.

"ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லையே! ஓலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் கிழிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் விட்டார்கள். உனக்கு என்ன கிழிந்தது?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். 'கணக்குப்பிள்ளை' என்று நான் எழுதியது 'கணககுபபிளளை' என்று நின்றது. தாத்தா முப்பது ஆண்டு பார்த்த வேலை அது.

குற்றம் 72 என்ற எண்ணில் இருந்தது. பிடிஎஃப் கோப்பில் எழுத்து என்பது கோடும் வளைவுமாக, ஒரு வடிவமாக இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. படமாக்கும்போதோ அது புள்ளிக்கோலம் ஆகிவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லாததால் மென்பொருள் தானாக 72 என்று வைத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் ஏ4 தாள் முழுவதற்கும் 595க்கு 842 புள்ளிகள். பாயின்ட் என்ற எழுத்தளவு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு என்பதால், 12 பாயின்ட் எழுத்தின் மொத்த உயரமே 12 புள்ளிதான். அதில் 'க்' என்பதன் தலைக்கு ஒரு சாம்பல் நிறத் துளி கிடைத்தாலே பெரிது. போதாக்குறைக்கு, அனுப்பும் வழியில் செயலி வேறு படத்தைச் சுருக்கியிருந்தது. ஜேபெக் புகைப்படத்துக்குப் பொருத்தமான முறை. எழுத்து என்றால் ஓரங்களில் கொசு மொய்த்ததுபோல ஆக்கிவிடும். கோயில் கோபுரத்தைப் படமெடுக்கலாம், அதன் கல்வெட்டைப் படிக்கக் கொடுக்கக் கூடாது.

"புள்ளி போதவில்லை பெரியப்பா, கூட்டி அனுப்புகிறேன்" என்றேன்.

"புள்ளியை ஏன் குறைத்தாய் முதலில்?" என்றார். பதில் சொல்லவில்லை.

ரோஷம் வந்துவிட்டது. 600 என்று அடித்தேன், ஜேபெக்போல எழுத்தின் ஓரத்தைக் கெடுக்காத பிஎன்ஜி வடிவம். பக்கத்துக்கு 4960க்கு 7016, அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். ஊரிலுள்ள மெய்யெழுத்துகளுக்கெல்லாம் வைத்தாலும் மிஞ்சும். என் மடிக்கணினி காற்றாடியைச் சுழலவிட்டு விமானம் ஏறப்போவதுபோல இரைந்தது. அனுப்பியதும் பெரியப்பாவின் கைப்பேசி இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. அதில் ஏற்கெனவே ஆறு ஆண்டுக் காலை வணக்கங்கள், ரோஜாப் பூவோடும் தேநீர்க் கோப்பையோடும் குடியிருந்தன. அவற்றுள் ஒன்றைக்கூட அழிக்க அவர் சம்மதிக்கவில்லை. "பெரியவர்கள் அனுப்பியது" என்றார்.

மூன்றாம் முறை 300. பக்கத்துக்கு 2480க்கு 3508. புள்ளிகள் எல்லாம் அதனதன் தலையில் நின்றன. உயர்தரத்தில் அனுப்பு என்ற தேர்வையும் மறக்காமல் அழுத்தினேன். வென்றுவிட்டேன் என்று தட்டை இழுத்து உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது.

"படிக்க முடிகிறது. ஆனால், உன் தாத்தா பிறந்தவுடனே இரங்கற்பா பாடிவிட்டார்கள். அப்புறம் கொள்ளுப்பேரன்கள் வருகிறார்கள். வந்தவர்களுக்கு நன்றி சொல்கிறாய். எல்லாம் முடிந்த பிறகு அவருக்குக் கல்யாணம் நடக்கிறது. உன் பாட்டிக்கு இது தெரியுமா?"

மென்பொருள் படங்களுக்கு 1, 2 என்றுதான் பெயர் வைத்திருந்தது. வரிசைப்படுத்தியபோது முதல் இலக்கத்தைப் பார்த்து 1, 10, 11, 12, அதன் பின் 2 என்று அடுக்கிவிட்டது. நானும் அப்படியே அள்ளி அனுப்பியிருக்கிறேன். பெயர்களை 01, 02 என்று மாற்றினால் தீர்ந்தது. ஒரு சுழியத்தில் தாத்தாவின் வாழ்க்கை நேரானது. சாம்பார் ஆறிவிட்டது.

மறுநாள் காலை வணக்கத்துக்குப் பதில் அழைப்பே வந்தது. "இப்போது மிகத் தெளிவாக இருக்கிறது" என்றார். அந்தத் தொனியை என் ஏழாம் வகுப்பிலேயே அறிவேன். "ஒன்பதாம் பக்கம், நாலாம் வரி. 'அவருக்கு பிடித்த பலகாரம்'. நடுவில் ப் எங்கே?"

"படமாக மாற்றும்போது…" என்று இழுத்தேன்.

"புள்ளிதான் போகும் என்றாய். எழுத்துமா போகும்?"

மாலையில் அவரிடமிருந்து 12 படங்கள் வந்தன. நகலகத்தில் அச்செடுத்து, ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்திருந்தார். வரிசை மாறவில்லை, ஓர் எழுத்தும் மங்கவில்லை. கடைசிப் பக்கத்தின் கீழே, பழைய வழக்கப்படி, மதிப்பெண் போட்டுக் கோடிட்டிருந்தார்.

அந்த ஒரு பக்கத்தையாவது 72இல் அனுப்பியிருக்கலாம்.