கிரஷர் தூளும் அடுப்புச் சாம்பலும்: பலமநேர்ப் பாறைகளுக்கு நடுவே 21 நாள்

குடியாத்தத்தில் ஏறிய பஸ் சைனகுண்டா சோதனைச்சாவடியைத் தாண்டியதுமே பாறைகள் தொடங்கிவிட்டன. ஊரில் இருக்கிற உரல், அம்மி, குழவி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவிழ்த்துக் கொட்டியது போல மலை முழுக்க உருண்டைகள். சில உருண்டைகள் வீடளவு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிற பேச்சில், "இங்க யானை ஜாஸ்தி, பொழுது போனா வெளிய நிக்காதே" என்றார். கௌண்டின்யா சரணாலயம் அந்தப் பக்கம்தான். 1980களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்த யானைகள் அங்கேயே தங்கிவிட்டன.

பலமநேரிலிருந்து குப்பம் போகிற சாலையில் சற்று உள்ளே, ஒரு மாந்தோப்பை ஒட்டி அந்த செராமிக் பட்டறை. ரெசிடென்சி என்பார்கள். அங்கேயே தங்கி, நாள் முழுக்க மண்ணோடு இருக்கலாம். நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு சக்கரம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேஸ் சூளை. வேலூரில் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வனைகிறேன். தொடர்ந்து மூன்று வாரம் கிடைப்பது இதுவே முதல்முறை. கடையில் வாங்கும் கிளேஸை, அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சை, தொடக்கூடாது, அங்கே கிடைக்கிற கல்லையே உருக்கிக் கிண்ணத்தில் பூச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

முதல் இரண்டு நாள் சக்கரத்தில் உட்காரவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த பெரிய பாறையில் ஏறி உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருந்து பார்த்தால் சாம்பல் நிறம். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் மூன்று தனித்தனிப் பொருள்கள் தெரியும். இளஞ்சிவப்பில் நகத்தளவு கட்டிகள் ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடி போல மங்கலாக இருப்பது குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே அது. மினுக்குவது காக்காப்பொன். இந்தப் பகுதிப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. வெங்காயத் தோல் உரிவது போல மேல் அடுக்கு உரிந்துகொண்டே இருக்கிறது. அப்படி உரிந்த ஓர் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். சிவப்புக் கட்டி இருந்த இடத்தில் அரிசி மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

படித்துத் தெரிந்த விஷயம்தான், ஆனால் விரலில் ஒட்டியபோதுதான் மனதில் ஏறியது. ஃபெல்ட்ஸ்பாரில் இருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மழைத்தண்ணீர் யுகயுகமாகக் கரைத்து எடுத்துப் போய்விடுகிறது. எஞ்சி நிற்பது களிமண். நாம் பிசைகிற மண் இந்தப் பாறையின் பேத்தி. அப்புறம் இன்னொன்று: மழை எடுத்துப் போகிற அந்தச் சத்துகள்தான் சூட்டில் கல்லை இளக வைப்பவை. அதனால்தான் களிமண் சூட்டுக்கு நிற்கிறது, உளுத்துப்போகாத ஃபெல்ட்ஸ்பார் 1,200 டிகிரிக்கு அந்தப் பக்கம் உருகுகிறது. மண்ணிலிருந்து மரம் உறிஞ்சிய சுண்ணாம்பும் பொட்டாசியமும் சாம்பலில் இருக்கின்றன. அப்படியானால் கல்தூளும் சாம்பலும் சேர்ந்தால் பூச்சு வர வேண்டும். எனக்கு இந்தக் கணக்கு போதும்.

மூன்றாம் நாள் பலமநேரில் மண்பாண்டம் செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். டெரகோட்டாவுக்குப் பெயர் போன ஊர் அது. ஏரி மண்ணைக் காலால் மிதித்துப் பதமாக்கி வைத்திருந்தார். கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அதைப் பெரிய சூட்டில் வைக்கப்போகிறேன் என்றதும் தலையை ஆட்டினார். "செக்கச்செவேல்னு ஆனதும் நிறுத்திடணும்மா. வெள்ளைச் சூடு கண்டா பானை உக்காந்துடும்." கருவி எதுவும் இல்லாமல், நெருப்பின் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்கிறார். சரி, இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு சிறு கிண்ணம் வனைந்து வைத்தேன்.

கல்தூளுக்கு அலையவில்லை. பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷரில் ஒரு பை கொடுத்தார்கள். 80 மெஷ் என்கிற நுண்கண் சல்லடையில் தண்ணீர் ஊற்றிச் சலித்தேன். காய்ந்த தூளை ஒருபோதும் அப்படியே சலிக்காதீர்கள். நுரையீரலில் தங்கும் சிலிக்கா தூசி சிலிகோசிஸ் கொண்டுவரும், போன நுரையீரல் திரும்பி வராது. மாஸ்க் போட்டும் ஈரமாகவேதான் சலித்தேன். சாம்பல், சமையல் செய்யும் அக்காவின் அடுப்பிலிருந்து எடுத்த மாங்கட்டைச் சாம்பல். "பாத்திரம் தேய்க்கிற சாம்பலைப் பாத்திரத்து மேலயே பூசப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வாளி நிறையக் கொடுத்தார். கழுவாத சாம்பல் காரம் மிகுந்தது, கையுறை இல்லாமல் கலக்கினால் தோல் வெந்துவிடும்.

முழுக்கக் கல்தூள் ஒரு முனை, முழுக்கச் சாம்பல் மறு முனை. நடுவில் பத்துப் பத்தாக மாற்றி, பூசிப் பார்க்க மொத்தம் 11 மண் சில்லுகள். எல்லாம் 950 டிகிரியில் ஒருமுறை சுட்டவை. ஒன்பதாம் நாள் மாலை சூளை மூட்டி 1,280 வரை ஏற்றினோம். காற்றைக் குறைத்து எரித்தோம். காற்று தாராளமாகக் கிடைத்தால் கல்லில் இருக்கும் இரும்பு தேன் பழுப்பாக நிற்கும், குறைந்தால் பச்சைக்குத் திரும்பும். ராத்திரி முழுக்க மாறி மாறி விழித்திருந்தோம். தொலைவில் யானை விரட்ட வெடித்த வெடிச்சத்தம் இரண்டு முறை கேட்டது.

ஆறும்போதுதான் பொறுமை வேண்டும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் பாத்திரம் விரிசல் விடும். 11ஆம் நாள் மதியம்தான் திறந்தோம்.

பெரியவர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. ஏரி மண் கிண்ணம் தோசைக்கல்லில் விட்ட மாவு மாதிரி படுத்து, பளபளவென்று கறுப்பாகச் சூளைத் தட்டில் ஒட்டிக் கிடந்தது. சில்லுகளில், முழுக்கக் கல்தூள் பூசியது சொரசொரப்பாக, பாதி உருகிய சர்க்கரை போல. கல்தூள் 70, சாம்பல் 30 கலந்த 70:30 மங்கலான பச்சை, தொட்டால் வழவழப்பு. 50:50 பார்த்ததும் மூச்சு நின்றது. மழை நின்றபின் குட்டையில் தெரியும் பாசி நிறம், கோடு கோடாக இறங்கியிருந்தது. 30:70 முழுக்க வழிந்து தட்டைப் பிடித்துக்கொண்டது. உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தேன்.

ஆனால் 50:50இல் ஒரு சிக்கல். வாளியில் கலக்கி இரண்டு நிமிஷத்தில் கல்தூள் அடியில் கட்டியாகிவிடும். மிதக்க வைக்க ஏதாவது களிமண் வேண்டும். அப்போதுதான் படுத்துப்போன கிண்ணம் ஞாபகம் வந்தது. 1,280இல் கண்ணாடியாக உருகுகிற மண் கிண்ணத்துக்கு ஆகாது, பூச்சுக்கு அதைவிட நல்ல சரக்கு எது? கல்தூள் 50, சாம்பல் 40, ஏரி மண் 10 என்று கலந்தேன். அடியில் தங்காமல் பால் போல ஒரே சீராக நின்றது.

அடுத்த வாரம் முழுக்கக் கிண்ணம் வனைந்தேன், கடையில் வாங்கிய, பெரிய சூட்டுக்கு நிற்கிற ஸ்டோன்வேர் மண்ணில். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாண்டிச்சேரியில் படித்தவர். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வழி அது. அடிப்பாகத்தை விரலால் நன்றாக அழுத்தி இறுக்கச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். அப்படியும் 14 கிண்ணத்தில் மூன்றின் அடியில் பாம்பு வளைவு போல விரிசல். மூன்றும் ஒரே மாலையில், களைத்துப்போய்ச் செய்தவை. ஈர மண்ணில் 10 செ.மீ. கோடு கீறி வைத்திருந்தேன். சுட்டு முடித்ததும் 8.8. அடுத்த முறை மூடி செய்ய இந்த அளவு உதவும்.

19ஆம் நாள் இரண்டாவது சூளை. 21ஆம் நாள் காலை திறந்தபோது 11 கிண்ணமும் நின்றிருந்தன. விளிம்பில் பூச்சு மெலிந்து பழுப்பு, உள்ளே தேங்கிய இடத்தில் ஆழமான பச்சை, இடையிடையே கல்லிலிருந்து வந்த கறுப்புப் புள்ளிகள். ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "இது என் அடுப்புச் சாம்பலா?" என்றார். அப்புறம் புடவைத் தலைப்பால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

இன்னொன்று பலமநேர் பெரியவருக்குப் போனது. தட்டி ஓசை கேட்டார், தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். ஏரி மண் இதில் எங்கே என்று கேட்டதற்குப் பச்சையைக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எட்டுக் கிலோ கல்தூளும் ஒரு பை சாம்பலும் வேலூருக்கு வந்திருக்கின்றன. அடுத்து உமிச் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா, பூச்சைப் பால் வெள்ளையாக்கும். குடியாத்தம் பக்கம் ஓர் அரிசி மில்லில் சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்து விழுக்காட்டில் தொடங்கப் போகிறேன்.