ஜக்தாப் எழுதிய கதை

சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஒரு கதை இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? புனேக்காரரான வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் ரயிலேறி பம்பாய் போகிறார், போய் இறங்கினால் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் ஜம்மென்று கடை விரித்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இதை நடத்தவே இல்லை. "பரீட்சைக்குப் பெரிசா வராது, வீட்ல படிச்சுக்குங்க" என்று மிஸ் தாண்டிப் போய்விட்டார். வீட்டில் யார் படித்தார்கள்? வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, எழுதியவர் ஒரு வானியற்பியலாளர் என்று எங்கோ கண்ணில் பட்டதால், ஒரு ராத்திரி ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு போனில் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து ஜயந்த் நார்லிகர் பைத்தியம்.

கதையின் உயிர் ஒரு துப்பாக்கிக் குண்டில் இருக்கிறது. 1761 ஜனவரி 14, மூன்றாம் பானிபட் போர். நமக்குத் தெரிந்த வரலாற்றில் மராத்தாக்களின் தலைமை அமைச்சரான பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடி பட்டுச் சாகிறான், மராத்தாப் படை மனம் உடைந்து சிதறுகிறது. பேராசிரியர் அந்த வேறு பம்பாயின் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் புத்தகத்திலோ குண்டு அவன் காதை உரசிக்கொண்டு போய்விடுகிறது. எள்ளளவு தள்ளிப் பட்டிருந்தால் செத்திருப்பான். அந்த எள்ளை நார்லிகர் ஆங்கிலத்திலும் எள்ளாகவே விட்டிருக்கிறார். அந்த எள்ளளவில் இந்தியாவின் இருநூறு வருடம் வேறு தண்டவாளத்தில் ஓடுகிறது.

சரி, ஆளைப் பற்றி. 1938ல் கோலாப்பூரில் பிறந்தவர், அப்பா காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், அம்மா சமஸ்கிருதம் படித்தவர். காசியில் பட்டம் வாங்கிக்கொண்டு கேம்பிரிட்ஜ் போனார், 1959ல் அங்கே கணிதத்தில் முதலிடம். சீனியர் ராங்க்லர் என்பார்கள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டி ஃப்ரெட் ஹாயில். இந்த ஹாயிலும் சும்மா ஆள் கிடையாது, விண்மீன்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்று சொன்னவர்களில் முக்கியமானவர், கூடவே விஞ்ஞான நாவல்களும் எழுதியவர். ஆக, பகலில் சமன்பாடு ராத்திரியில் கதை என்பது நார்லிகருக்கு குருவிடமிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கமாக இருக்கலாம், இது என் ஊகம்.

1964ல் ஹாயிலும் இவரும் சேர்ந்து ஈர்ப்புக்கு ஒரு புதிய கோட்பாடு வெளியிட்டார்கள், இந்தியப் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின, அடுத்த வருடமே பத்ம பூஷண். அப்போது வயது 26! 1972ல் ஊர் திரும்பி பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். 1974. அகமதாபாத்தில் ஒரு கருத்தரங்கு, மேடையில் ஒருவர் அறுத்துக்கொண்டிருக்கிறார். நார்லிகர், கூட்டத்தில் கொடுத்த தாளிலேயே மராத்தியில் ஒரு கதை எழுத ஆரம்பித்தார், கருந்துளை பற்றிய கதை. மராத்தி விஞ்ஞான பரிஷத் அப்போது கதைப் போட்டி அறிவித்திருந்தது. பத்ம பூஷண் நார்லிகர் என்று பெயர் போட்டு அனுப்பினால் நடுவர்கள் கதையையா படிப்பார்கள்? அதனால் தன் பெயரின் முதலெழுத்துகளை (ஜ, வி, நா) தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு ஆளை உருவாக்கினார். பரிஷத்தின் பத்திரிகைக்கு ஏற்கெனவே கட்டுரை எழுதியவர் என்பதால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே மனைவி மங்களா மொத்தத்தையும் தன் கையால் படியெடுத்துக் கொடுத்தார். மங்களாவும் கணிதவியலாளர், அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். முதல் பரிசு ஜக்தாப்புக்கு.

(நம் ரங்கராஜன் மனைவி சுஜாதாவின் பெயரைக் கடன் வாங்கினார், அங்கே ஒருவர் மனைவியின் கையெழுத்தைக் கடன் வாங்கியிருக்கிறார். அறிவியல் கதை எழுத வீட்டம்மா தயவு வேண்டும்போல.)

பெயரை மூடிவிட்டு மதிப்பெண் கேட்கும் இந்தக் குணம் அவரிடம் கடைசி வரை இருந்தது. 2008ல் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் முதலானவர்களுடன் சேர்ந்து ஜோதிடத்தையும் இதே தராசில் வைத்துப் பார்த்தார். 200 பிள்ளைகளின் ஜாதகம், அதில் 100 பேர் படிப்பில் கெட்டிக்காரர்கள், 100 பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். பெயர் கிடையாது, ஜாதகம் மட்டும். ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40, எது எந்த வகை என்று சொன்னால் போதும். ஜோஸ்யமே தெரியாமல் காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும். விடை அனுப்பியவர்கள் 27 பேர், சராசரி 46 சதவீதம். காசைவிடக் கொஞ்சம் மோசம். இவரும் அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார், யாரையும் திட்டவில்லை.

அவருடைய சொந்தக் கொள்கைக்கும் பரிட்சை வந்தது, அதில் அவர் பாஸாகவில்லை என்பதுதான் உலகத்தின் தீர்ப்பு. பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை, விரிய விரிய இடைவெளியை நிரப்பப் புதிய பொருள் பிறந்துகொண்டே இருக்கும் என்பது ஹாயில் கட்சி. 1965ல் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததும், பேரண்டம் தொடங்கிய வெடிப்பின் மிச்சச் சூடுதான் அது என்று பெரும்பாலானோர் பெருவெடிப்புப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நார்லிகர் சாயவில்லை. 1993ல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவரோடு சேர்ந்து கொள்கையை மாற்றிக் கட்டினார்: பேரண்டம் விரிந்தும் சுருங்கியும் ஊசலாடும், ஆனால் மொத்தத்தில் விரிந்துகொண்டே போகும், நடுநடுவே சிறுசிறு வெடிப்புகளில் பொருள் பிறக்கும். அந்தக் கதிர்வீச்சின் அளவீடுகள் கோபி செயற்கைக்கோளிலிருந்து வந்த பிறகும் இப்படி மல்லுக்கட்டியது எனக்குப் பிடிவாதமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடும்போது கணக்குப் போட்டுக் காட்டி மறுபக்கம் நிற்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பலூன் கதையையும் சொல்லாமல் விட முடியாது. உயிரின் விதைகள் விண்வெளியிலிருந்து விழுந்திருக்கலாம் என்பது ஹாயிலின் இன்னொரு எண்ணம். அதையும் சோதித்துவிடலாம் என்று இஸ்ரோவோடு சேர்ந்து ஹைதராபாத்திலிருந்து பெரிய பலூன்களை ஏவினார்கள், 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைப் பிடித்து வந்தார்கள். 2005ல் ஏவிய பலூனில் கிடைத்த பாக்டீரியாக்களில் மூன்று அதுவரை பூமியில் யாரும் பதிவு செய்யாத இனங்கள், ஒன்றுக்கு ஹாயில் பெயரையே வைத்தார்கள். விண்ணிலிருந்து வந்தவையா என்பதற்கு அது நிரூபணம் ஆகவில்லை, அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

கதைகள் எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொன்னால் பொய். பாத்திரங்கள் அட்டையில் வெட்டி வைத்த மாதிரி நிற்கும், முக்கால்வாசியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து இன்னொருவருக்குப் பாடம் எடுப்பார். பானிபட் கதையிலும் கடைசி இரண்டு பக்கம் பாடம்தான். அந்த எள்ளுக்காக மன்னித்துவிடலாம்.

1988ல் புனேயில் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தைத் தொடங்கி 2003 வரை இயக்குநராக இருந்தார். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டோகிராஃப் நோட்டை நீட்டினால் போட மாட்டாராம். ஒரு அஞ்சலட்டையில் கேள்வி எழுதி அனுப்பு, பதில் எழுதுகிறேன், அதில் என் கையெழுத்து இருக்கும் என்பாராம். கேள்வி கேட்காதவனுக்குக் கையெழுத்து கிடையாது!

2025 மே 20ல், 86 வயதில், புனேயில் காலமானார். செய்தி பார்த்த அன்று அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். நூலகத்திலிருந்து வெளியே வரும் பேராசிரியர் ஆசாத் மைதானத்தில் ஒரு கூட்டத்தைப் பார்க்கிறார். மேடையில் தலைவர் நாற்காலி காலி. ஊரில் 999 கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மனிதருக்குக் கை சும்மா இருக்குமா, போய் உட்கார்ந்துவிடுகிறார். அந்த உலகத்தில் தலைமையுரை கேட்டுக் கேட்டு ஜனங்கள் வெறுத்துப்போய் நாற்காலியை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள், தக்காளியும் முட்டையும் பறக்கின்றன. 2021ல் நாசிக்கில் நடந்த மராத்தி சாகித்திய சம்மேளனத்துக்கு நார்லிகரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உடல்நிலை காரணமாக அவரால் போக முடியவில்லை. தலைவர் வராமல் சம்மேளனமா என்று அங்கே சிலருக்குக் கோபமாம்.