பழைய மாட்யூலில் தவிலை ஏற்றிய கதை

கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம். மேடையில் எலெக்ட்ரானிக் ட்ரம்ஸின் மாட்யூலை, அதாவது அடிக்கிற அடிக்குச் சத்தம் தரும் பெட்டியை, ஆன் செய்தால், வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கிட் (சத்தத் தொகுப்பு) ஒன்றுகூட இல்லை. வாங்கிய நாளில் இருந்த ராக் ட்ரம்ஸ்தான் வரிசையாக நிற்கிறது. கண்டனூர்ப் பக்கத்துக் கிராமம், அம்மன் திருவிழா, முன்வரிசை முழுக்கப் பெரியவர்கள். மாரியம்மன் பாட்டுக்கு அமெரிக்க ஸ்னேர் அடித்த பாவம் அன்றைக்கு என் தலையில்.

காரணம் உள்ளே இருந்த பட்டன் செல். தொண்ணூறுகளில் வந்த மாட்யூல் அது, கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். நாம் மாற்றிச் சேமிக்கிற எல்லாமே அந்த 3 வோல்ட் செல்லின் தயவில்தான் நிற்கும். மீட்டர் வைத்தால் 2.1 காட்டியது. மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசு ஆய்வகம் வைத்திருக்கிற காரைக்குடியில் குடியிருந்துகொண்டு, ஒரு செல் செத்ததைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

புதுசு வாங்கிவிடு என்றார்கள். நல்லதாகப் பார்த்தால் லட்சத்தைத் தொடும். சரி, திறந்துதான் பார்ப்போமே என்று ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே நூலாம்படை, இரண்டு பல்லி முட்டை ஓடு. செல்லை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, சிஆர் 2032 சொருகுகிற ஹோல்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். புது செல்லின் மேலேயே சால்டரிங் அயர்னை வைக்க நினைப்பவர்கள் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். செல்லைக் கழற்றும் முன் மிடி (இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாக உள்ளிருப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. எனக்குத்தான் இறக்கி வைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்து அடாப்டர். ஜெனரேட்டர் கரண்டில் பழையது கருகிப்போய், டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் வேறொன்று கொடுத்தார். லைட் எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மாட்யூலே போச்சு என்று அவர் கையை விரித்துவிட்டார். இரவு டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் படித்தேன்: 9 வோல்ட் ஏசி. அவர் கொடுத்தது டிசி. உள்ளே இருக்கும் ஆடியோ சர்க்யூட்டுக்கு பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டும். ஏசி வந்தால்தான் அதிலிருந்து இரண்டையும் பிரிக்க முடியும். 9-0-9 டிரான்ஸ்பார்மர் (நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 9 வோல்ட் தருவது) ஒன்றை வாங்கி, நடு வயரையும் ஒரு பக்க 9-ஐயும் மட்டும் எடுத்து, பியூஸ் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்தேன். உயிர் வந்துவிட்டது.

இனி பேட், குச்சியால் அடிக்கிற தட்டு. பழைய 12 இஞ்ச் டாம் ட்ரம்மில் மெஷ் (வலை) தோல் கட்டி, அடியில் ஸ்பாஞ்ச் வைத்து 35 மில்லிமீட்டர் பீசோ (அதிர்வை மின் சிக்னலாக்கும் வில்லை) ஒட்டினேன். ரப்பர் பேடுக்காகச் செய்த மாட்யூல் இது. மெஷ் அதிரும் நேரம் அதிகம், அதனால் ஒரு அடிக்கு இரண்டு சத்தம். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தால் மெல்லிய அடி காணாமல் போகும், கூட்டினால் மறுபடி இரட்டை. இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று. கடைசியில் ஜாக்குக்குப் பக்கத்தில் 100 கிலோஓம் பிரீசெட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) ஒன்றை வைத்து சிக்னலை வெளியிலேயே மட்டுப்படுத்திவிட்டு, அப்புறம் மாட்யூலில் ரீ-ட்ரிகர் நேரத்தை, ஒரு அடிக்குப் பின் அடுத்ததை ஏற்க அது காத்திருக்கும் நேரத்தை, கூட்டினேன். ஒரு பேடை அடித்தால் பக்கத்துப் பேடும் பேசுகிற தொல்லைக்கு மருந்து சைக்கிள் டியூப். வெட்டி கிளாம்பில் சுற்றினால் பைப் வழியாக அதிர்வு அவ்வளவாகப் போவதில்லை. அப்கிரேட் என்றதும் எல்லோரும் புதுச் சத்தத்தைத்தான் தேடுகிறார்கள். என் பெட்டியில் பாதிக் குறை இந்த ஒயரிலும் ஸ்பாஞ்சிலும்தான் இருந்தது.

சத்தத்துக்கு மாட்யூலின் உள்ளே கைவைக்கவில்லை. மிடி அவுட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். அடியை மாட்யூல் சொல்லும், சத்தத்தை லேப்டாப் எழுப்பும். 1985-இல் ரோலண்ட் கொண்டுவந்த முதல் ஆக்டபேட் பேட்-8 இந்த வேலையைத்தான் செய்தது. எட்டு ரப்பர் பேட், சொந்தமாகச் சத்தமே கிடையாது, வேறு பெட்டிக்கு மிடி அனுப்பும். லேப்டாப்பில் பஃபரை (சத்தத்தைச் சேர்த்து வைத்து வெளியே விடும் அளவை) 128 சாம்பிளில் வைத்தேன். 44,100 ஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லிசெகண்ட், கைக்குத் தாமதம் தெரியவில்லை. மலிவான மிடி கேபிள் ஒன்று மட்டும் வேகமான உருட்டில் அடிகளை விழுங்கியது, தூக்கிப் போட்டேன்.

இப்போது தவில் வேண்டும். தெரிந்த தவில்காரர் அண்ணனைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சி இடம் கொடுத்தார். வளவில் உட்கார்ந்து அண்ணன் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், ஆத்தங்குடிக் கல்லிலும் சுண்ணாம்புச் சுவரிலும் மோதி அது அடங்கவே இல்லை. கேட்க அருமை, சாம்பிளுக்கு (லேப்டாப்பில் ஏற்றும் தனித்தனிச் சத்தத் துண்டுக்கு) ஆகாது. மூன்றாங்கட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குப் போனோம். வாசலில் பாயைத் தொங்கவிட்டோம். வலந்தலையில் (வலது முகத்தில்) விரல்கூடு படுகிற கணீர், தொப்பியில் (இடது முகத்தில்) குச்சியின் கும், இரண்டிலும் அமுக்கிய அடி. ஒவ்வொன்றும் மெல்லியதிலிருந்து ஓங்கியது வரை ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் மூன்று தடவை. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கேட்கும், அதற்காகத்தான் மூன்று.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, இப்படித் துண்டு துண்டா தட்டுறதுக்குப் பேரு தவிலா?"

ஆச்சி கதவோரம் நின்று, "சத்தத்தை எல்லாம் பெட்டிக்குள்ள அடைச்சு எங்க கொண்டுபோகப் போற?" என்றார். தேவகோட்டைக்கு என்றேன், அடுத்த கச்சேரி அங்கேதான்.

தேவகோட்டையில் மாரியம்மன் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. அண்ணன் சொன்னதும் சரிதான், அது தவில் இல்லை. தவில் மாதிரி ஒன்று. பாட்டின் நடுவே வருகிற எட்டு மாத்திரைக்கு அது போதும். முழு நீளத்துக்குத் தவில் வேண்டியிருந்தால் அண்ணனையே மேடைக்குக் கூப்பிடுகிறேன்.

ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளம்) பெடல் மட்டும் இன்னும் படியவில்லை. இந்த மாட்யூலுக்குத் திறப்பு, மூடல் இரண்டுதான் தெரியும், பாதி திறந்த சத்தம் கேட்டால் முழிக்கிறது. அதற்கு ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டு (நாமே புரோகிராம் எழுதிக்கொள்ளும் குட்டிக் கம்ப்யூட்டர்) வாங்கி வைத்திருக்கிறேன், பங்குனி சீசன் முடிந்தபிறகு.